ஏல வரைபடத்தில் இல்லாத கடல்

2024 நவம்பர் இறுதியில் ஒன்றிய சுரங்க அமைச்சகம் நாட்டின் கடற்பரப்பில் 13 கனிமத் தொகுதிகளை ஏலத்துக்கு விட்டது. குஜராத் கடலில் சுண்ணாம்புச் சேற்றுக்கு 3 தொகுதிகள். கேரளக் கடலில் கட்டுமான மணலுக்கு 3 தொகுதிகள். கிரேட் நிக்கோபார் தீவை அடுத்த ஆழ்கடலில் பல்லுலோக உருண்டைகளுக்கும் படிவுகளுக்கும் 7 தொகுதிகள். கேரளத்தின் மூன்றும் கொல்லத்துக்கு எதிரே உள்ளவை. இது தொடர்பான ஆவணங்களைத் தமிழாக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. ‘பிளாக்’ என்ற சொல்லுக்கு வட்டாரம், கட்டம், துண்டம், தொகுதி என்று நான்கு சொற்களை எழுதிப் பார்த்துவிட்டு, வழக்கத்தில் இருப்பதே போதும் என்று ‘தொகுதி’யை வைத்தேன். ‘துண்டம்’ என்று எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அறுத்த மீனுக்குச் சொல்லும் சொல் அது.

ஏல ஆவணங்களில் ஒரு தொகுதி என்பது சில மூலைகள். ஒவ்வொரு மூலைக்கும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. மூலைகளை இணைத்தால் நேர்கோடுகள். உள்ளே எத்தனை சதுர கிலோமீட்டர், எத்தனை கோடி டன் மணல் என்ற எண்கள். அந்தப் பரப்பில் எந்த இடத்துக்கும் பெயர் இல்லை. நிலத்தை ஏலம் விட்டாலும் கிராமத்தின் பெயரையாவது எழுத வேண்டியிருக்கும். கடலுக்கு அந்தத் தொல்லை கிடையாது என்றுதான் மொழிபெயர்த்த அன்று நானும் எண்ணியிருந்தேன். கடலில் பெயரற்ற இடம் அரிது என்பதை அதற்குப் பல மாதங்கள் கழித்து ஒரு செம்பல்லிப் படகில் உட்கார்ந்துதான் அறிந்தேன்.

கொல்லத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளனாகச் சென்றிருந்தேன். மழைக்காலம் முடிந்து காற்று கழுவிவிட்டதுபோல் இருந்த நாட்கள். மீன்பிடித் தொழிலாளர் சங்கத் தோழர் ஒருவரிடம் என் விருப்பத்தைச் சொன்னபோது, தங்கசேரித் துறைமுகத்திலிருந்து தூண்டில் தொழிலுக்குப் போகும் ஒரு ஃபைபர் வள்ளத்தில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். நான்கு பேர் போகும் வள்ளம். இரண்டு அவுட்போர்டு எஞ்சின்கள். பனிக்கட்டி நிரப்பிய ஒரு பெட்டி. இரைக்காக நறுக்கிய கணவாயும் மத்தியும். அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டிய சிறிது நேரத்திலேயே நான் குடித்திருந்த கட்டன் சாயா வெளியே வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

செம்பல்லி என்று கேரளத்தில் சொல்லும் மீனை இராமேசுவரம் பக்கம் செப்பிலி என்பார்கள். இரண்டும் ஒரே சொல்லின் இரு உருவங்கள் என்றே நினைக்கிறேன். சென்னை மீன்சந்தையில் சங்கரா என்ற பெயருக்குள் இதன் உறவினங்கள் சிலவும், உறவே இல்லாத வேறொரு சிறு மீனும் சேர்ந்தே கிடக்கின்றன. அந்தச் சிறு மீனைக் கொல்லத்தில் கிளிமீன் என்கிறார்கள். இந்த இனத்தில் ஒன்றுக்கு அறிவியல் பெயரே லுட்ஜானஸ் மலபாரிகஸ். கரையோரமாக வலைவீசிப் பிடித்துவிடக்கூடிய மீன் அல்ல இது. கடலடியில் பாறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். அந்தப் பாறைத் திட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் கடலோர மக்கள் ‘பார்’ என்றே சொல்கிறார்கள். முத்துக்குளிப்பு பற்றிப் படித்தவர்களுக்கு முத்துப்பார் நினைவுக்கு வரும். வலை பாரில் சிக்கிக் கிழியும். ஆகவே பாரில் தூண்டில்தான் செல்லும். தூண்டிலுக்குச் சிறு வள்ளம் போதும். ஆனால் பார் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

விரிந்து கிடக்கும் தண்ணீரில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிச்சம் பரவியதும் அமரத்தில் இருந்தவர் எஞ்சினைத் தணித்துவிட்டுக் கரையைப் பார்த்தார். அறுபதைக் கடந்தவர், மற்ற மூவரும் அவரை அண்ணன் என்றே அழைத்தார்கள். தங்கசேரி விளக்குமாடம் 1902இல் கட்டப்பட்டது, 41 மீட்டர் உயரம். அது கிழக்கே தெரிந்த மலைத்தொடரின் ஒரு குறிப்பிட்ட முடியோடு ஒரே நேரில் வந்து நிற்க வேண்டும். அது ஒரு கோடு. கரையில் இன்னோர் இடத்தில் ஒரு கோபுரம், அதற்குப் பின்னால் இன்னொரு மேடு. அவை இரண்டும் நேராக வரும்போது இரண்டாவது கோடு. இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு நேர்கீழே பார். இந்தக் கணக்குக்குக் கணிச்சம் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வடிவியல் ஆசிரியர் ஒரு மாதம் சொல்லிக்கொடுப்பதை இவர்கள் தந்தையின் வள்ளத்தில் உட்கார்ந்து கண்ணால் கற்றுக்கொள்கிறார்கள். அவரிடம் ஜி.பி.எஸ். கருவியும் இருந்தது. கணிச்சம் பார்த்து நிறுத்திய பிறகே அதை எடுத்து எண்ணைச் சரிபார்த்தார். எண் சரியாக இருந்தது. கருவியைப் பாராட்டுவதுபோல் அதன் தலையில் தட்டிவிட்டுப் பைக்குள் வைத்தார்.

பிறகு ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்கினார். குண்டு அடியைத் தொட்டதும், இரண்டு விரல்களுக்கு இடையே நூலைப் பிடித்தபடி “மணல்” என்றார். வள்ளம் சிறிது தூரம் நீரோட்டத்தோடு நகர்ந்தது. “சரளை.” இன்னும் சிறிது. “பார்.” அந்த இடத்துக்குச் சற்று மேல்நீரில் நங்கூரம் போட்டார்கள். இரையின் மணம் நீரோட்டத்தோடு பாரின் மேல் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. அந்தப் பாருக்கு ஒரு பெயர் உண்டு. முதலில் கண்டவரின் பெயர் அது. அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றனவாம். “பெயரை எழுதிவிடாதீர்கள் சகாவே” என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. ஏன் அப்படிக் கேட்டார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

செம்பல்லி தூண்டிலைக் கடிப்பது திருடன் கதவைத் தட்டிப்பார்ப்பது போன்றது. முதலில் ஒரு மெல்லிய தொடுதல். பொறுத்திருக்க வேண்டும். இரண்டாவது இழுப்பில் மீன் இரையோடு தன் பொந்துக்குள் பாயும். அந்த ஒரு நொடியில் இரண்டு பாகம் நூலை மேலே வாங்கிவிடாவிட்டால், தங்கூஸ் நரம்பு பாறையில் உராய்ந்து அறுந்துபோகும். விரல் அறுபடாமல் இருக்கச் சைக்கிள் டியூப் துண்டை மாட்டியிருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நான் மூன்று முறை மீனையும் தூண்டிலையும் ஈயக்குண்டையும் பாருக்குக் காணிக்கையாக்கிவிட்டு, நூலை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆழத்திலிருந்து மேலே வரும் செம்பல்லியின் வாயில் இளஞ்சிவப்பாக ஏதோ உருண்டு நின்றது. நாக்கு என்று நினைத்தேன். அது அதன் இரைப்பை. ஆழத்தின் அழுத்தத்தில் அடங்கியிருந்த காற்றுப்பை, மேலே வரவர விரிந்து, இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளிவிடுகிறது. அப்படி வந்த மீனைத் திரும்பக் கடலில் விட்டாலும் தானாக அடிக்குப் போக முடியாது, மிதந்து சாகும். ஆகவே, தூண்டில்காரன் எத்தனை மீன் போதும் என்பதை நூலை இறக்குவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ஒரு பாரில் தொடர்ந்து மூன்று நாட்கள் தொழில் செய்யமாட்டோம் என்றார் அண்ணன். நான் அதைச் சூழலியல் ஞானம் என்று வியக்கப் போனபோது, “மூன்றாம் நாள் மண்ணெண்ணெய்க் காசும் கிடைக்காது” என்று அவரே முடித்துவிட்டார்.

அன்று அவர்கள் பிடித்த பெரிய மீன் ஏறக்குறைய ஆறு கிலோ. இந்த இனங்கள் மெதுவாக வளர்பவை. காதுக்குள் இருக்கும் சிறு கல்லை அறுத்து, மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல் எண்ணினால் வயது தெரியும். ஆஸ்திரேலியக் கடலில் அப்படி எண்ணப்பட்ட செம்பல்லிகள் முப்பதாண்டு வரை வாழ்ந்திருக்கின்றன. எங்கள் வள்ளத்தில் கிடந்த ஆறு கிலோ மீனுக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருக்கலாம். செம்பல்லிகளில் இன்னோர் இனம் தன் இளமையைக் கடலில் கழிப்பதே இல்லை. கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளின் வேர்களிடையிலும் வளர்ந்து, பெரிதான பிறகே கடலிலுள்ள பாருக்குப் போகிறது. கொல்லத்தில் அதற்கு அஷ்டமுடிக் காயல் இருக்கிறது. காயலையும் கடலையும் பாரையும் மூன்று துறைகள் மூன்று கோப்புகளில் வைத்திருக்கின்றன. மீன் ஒன்றுதான்.

இப்போது ஏலத்துக்கு வருவோம். கேரளக் கடலில் பொன்னானி, சாவக்காடு, ஆலப்புழை, கொல்லம் வடக்கு, கொல்லம் தெற்கு ஆகிய பகுதிகளில் 74.5 கோடி டன் கட்டுமான மணல் கிடக்கிறது என்பது இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் கணக்கு. அதில் கொல்லத்தின் 3 தொகுதிகள் மட்டும் ஏறத்தாழ 242 சதுர கிலோமீட்டர். 30 கோடி டன் மணல். இவை கொல்லம் பரப்பு என்று மீனவர்கள் அழைக்கும் மீன்வளப் பகுதியைச் சார்ந்தவை. பரவூரிலிருந்து அம்பலப்புழை வரை சுமார் 85 கிலோமீட்டர் நீளம், 3,300 சதுர கிலோமீட்டர் பரப்பு என்று அதைக் கணக்கிடுகிறார்கள். செம்பல்லி, களவா, கிளிமீன், கணவாய், இறால் என்று தென்னிந்தியாவின் மிகச் செழிப்பான மீன்பிடித் தளங்களில் ஒன்று.

3,300இல் 242 எவ்வளவு என்று கணக்கிட்டு, இவ்வளவு சிறிய பகுதிக்கா இத்தனை கூச்சல் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சதவீதம் படித்தவர்களின் கேள்வி அது. மீன் கடலில் சதவீதப்படி பரவிக் கிடப்பதில்லை. பல சதுர கிலோமீட்டருக்கு ஒன்றும் இராது. ஒரு வீட்டு மனையளவு பாரில் நூறு குடும்பத்தின் சோறு இருக்கும். ‘மணலைத்தானே எடுக்கிறோம், பாரைத் தொடவில்லையே’ என்பது அடுத்த வாதம். செம்பல்லி பகலில் பாரை அண்டி நிற்கும். இரவில் சுற்றிலும் உள்ள மணல்வெளிக்கு இறங்கி நண்டையும் இறாலையும் சிறு மீனையும் தின்னும். மணல் அதன் வயல், பார் அதன் வீடு. வயலைத் தோண்டிவிட்டு வீட்டை விட்டுவைத்தோம் என்றால் உழவன் என்ன சொல்வான்? மேலும், கடலடி மணலை உறிஞ்சும்போது கிளம்பும் சேற்றுக்கலங்கல் தொகுதியின் மூலைக்கல்லைப் பார்த்து நின்றுவிடாது. நீரோட்டத்தோடு போய்ப் பாறைமேல் படியும். அங்கே ஒட்டி வாழும் மென்பவளங்களும் கடற்பஞ்சுகளும் மூச்சடைத்துச் சாகும். கேரளப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வாளர்கள் இந்தப் பகுதியின் உயிர்வளம் பற்றி விரிவாகவே எச்சரித்திருக்கிறார்கள்.

சட்டம் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கடற்பகுதிக் கனிமச் சட்டம் 2002இல் வாஜ்பாய் ஆட்சியில் வந்தது. 2023 ஆகஸ்டில் மோடி அரசு அதைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தின்படி தனியார் நிறுவனங்களுக்கு ஏலத்தின் வழியே 50 ஆண்டுக் குத்தகை கொடுக்கலாம். உரிமைத்தொகை ஒன்றிய அரசுக்கே போகும். கரையில் உள்ள மாநிலத்துக்குப் பங்கில்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆட்சிக்கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு மட்டுமே ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. கனிமம் என்ற பெயரைச் சூட்டிவிட்டால் இந்த வேறுபாடுகள் எல்லாம் கரைந்துபோகின்றன. கடலோர மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. 2025 பிப்ரவரி 27 அன்று கேரளக் கடற்கரை முழுவதும் ஒரு நாள் கடையடைப்பு நடந்தது, வள்ளங்கள் இறங்கவில்லை, மீன்சந்தைகள் திறக்கவில்லை. அடுத்த வாரம் கேரளச் சட்டமன்றம் ஏலத்தைக் கைவிடக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2018 வெள்ளத்தில் இதே கொல்லத்துக் கடற்கரையிலிருந்து வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியவர்களை அன்று எல்லோரும் கொண்டாடினார்கள். அவர்களின் கடல் ஏலத்துக்கு வரும்போது அவர்கள் வரைபடத்தில் இல்லை.

ஒன்றிய அரசு மீனவர்களை மறந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. 2025 நவம்பரில் தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிப்பதற்கான விதிகளை அறிவித்தது. பெரிய விளக்குகளைப் போட்டு மீனை ஈர்ப்பதையும் இரட்டைமடி இழுவையையும் தடைசெய்கிறது. கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை என்கிறது. சிறு வள்ளங்களுக்கு அனுமதிச்சீட்டு வேண்டாம் என்கிறது. நடைமுறையில் தாய்க்கப்பல்கள் யாருடையவையாக இருக்கும் என்ற கேள்வி இருந்தாலும், இவற்றில் சில நாம் பல காலமாகக் கேட்டவையே. ஆனால் அது மீன்வள அமைச்சகத்தின் கோப்பு. அதே கடலின் அடியைத் தோண்டுவது சுரங்க அமைச்சகத்தின் கோப்பு. மேல்நீரில் உனக்கு உரிமை, அடித்தளத்தில் வேறொருவனுக்கு என்பதே இதன் பொருள். வாடகைக்கு இருப்பவனிடம் ‘கூரை உன்னுடையது, தரையை மட்டும் பெயர்த்துக்கொள்கிறோம்’ என்பது போன்றது.

மணல் வேண்டாமா என்று நம்முடைய கட்டுமானத் தொழிலாளர் சங்கத் தோழர்களே கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆற்று மணல் தீர்ந்துவிட்டது உண்மை. ஆனால் கடல் மணலில் உப்பு இருக்கிறது. அதைக் கழுவ நன்னீர் வேண்டும். அந்த நீரை எங்கிருந்து எடுப்பது? அணைகளில் படிந்து கொள்ளளவைக் குறைத்துக்கொண்டிருக்கும் மணல் இருக்கிறது. பாறைத்தூள் மணல் இருக்கிறது. அதற்கும் மலைகளை உடைக்கும் கேடு உண்டு என்பதை மறுக்கவில்லை. எதையும் தொடாமல் வீடு கட்ட முடியாது. எதைத் தொடுவது என்பதை யார், யாரைக் கேட்டு முடிவுசெய்கிறார்கள் என்பதே இங்கே வழக்கு.

இந்த இடத்தில் நியமகிரியை நினைத்துக்கொள்கிறேன். ஒடிசாவின் அந்த மலையில் பாக்சைட் தோண்ட வேதாந்தா நிறுவனம் முனைந்தபோது, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளே முடிவுசெய்யட்டும் என்றது. 12 கிராம சபைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டாம் என்றன. டோங்ரியா கோந்து மக்கள் சொன்ன அந்த ‘வேண்டாம்’ சட்டத்தில் எடுபட்டதற்குக் காரணம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். இடதுசாரிகளின் வெளியாதரவில் ஓர் அரசு நடந்த காலத்தில், நெருக்குதல் கொடுத்துக் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. காட்டில் வாழ்பவனுக்கு அந்தக் காட்டின்மீது வழக்காற்று உரிமை உண்டு என்பதை இந்தியச் சட்டம் முதல் முறையாக எழுத்தில் ஏற்றுக்கொண்டது. கடலுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. கொல்லத்துக் கடற்கரைக்கு ஒரு கிராம சபை கூடி ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் அந்தச் சொல்லைப் பதிவுசெய்ய ஒரு பேரேடு இல்லை. கடல் உரிமைச் சட்டம் ஒன்று வேண்டும் என்பது மீனவர் அமைப்புகளின் கோரிக்கை. அது நம் இயக்கத்தின் முதல் வரிசைக் கோரிக்கையாக மாற வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

இதையே வள்ளத்தில் அண்ணனிடமும் சொன்னேன். காட்டில் செய்ததுபோல, உங்கள் பார்களை எல்லாம் வரைபடத்தில் குறித்து, இவை எங்கள் வழக்காற்று இடங்கள் என்று அரசிடம் பதிவுசெய்தால் ஏலக்காரன் வர முடியாதல்லவா என்றேன். எனக்கு அது மிகத் தெளிவான வாதமாகப் பட்டது. அவர் தூண்டில் நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: “நான் எழுதிக் கொடுத்த மறுநாள் இங்கே எத்தனை போட்டு நிற்கும், சகாவே?”

கொல்லத்தில் போட்டு என்றால் இழுவைப் படகு. பாரின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கணிச்சம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்து. அடுத்த வள்ளத்துக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். வேறு வள்ளம் கண்ணில் பட்டால் பாரைவிட்டு விலகிப் போய் நிற்பார்கள். அந்த இரகசியம்தான் ஒரு பாரை ஒரு தலைமுறைக்கு மேல் காப்பாற்றியிருக்கிறது. அதை எழுத்தில் வைத்தால் சட்டம் பாதுகாக்கும். எழுத்தில் வைத்தால் இழுவைமடி அழிக்கும். இரண்டும் உண்மை. மேசையில் உட்கார்ந்து சட்ட வாசகம் எழுதுபவர்கள் இந்த முரணைக் கவனிக்காவிட்டால், நாம் கொண்டுவரும் நல்ல சட்டமே பாருக்கு எமனாகும்.

இழுவைப் படகைப் பற்றி நம் ஏடுகளில் எழுதும்போது நமக்கு ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் அந்தப் படகுகளில் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நம் சங்கத்தினர். 1953இல் இந்திய-நார்வே திட்டம் இந்தக் கரையில்தான் தொடங்கியது. சிறு மீனவனை முன்னேற்ற வந்த திட்டம், இறால் ஏற்றுமதிக்கு இழுவைப் படகைக் கொண்டுவந்து, அதே சிறு மீனவனைப் பின்னுக்குத் தள்ளியது. எழுபது, எண்பதுகளின் நீண்ட போராட்டங்களுக்குப் பிறகு, 1988 முதல் மழைக்கால இழுவைத் தடை வந்தது. இன்று ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள். மீதி நாட்களில் இரும்புச் சங்கிலி கட்டிய மடி கடலடியைத் துடைத்துக்கொண்டு போகிறது. மணல் அள்ளும் கப்பலை எதிர்த்துப் போட்டுத் தொழிலாளியும் தூண்டில் தொழிலாளியும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள், நல்லது. பந்தலைப் பிரித்த பிறகு, பார்களைச் சுற்றி இழுவைமடி போகக்கூடாத எல்லையைப் பற்றி அவர்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசவேண்டியது யார்? ஒன்றிய அரசு அதைச் செய்யாது. இருவரையும் உறுப்பினராக வைத்திருக்கும் சங்கமே செய்ய முடியும். இதைச் சொன்னால் ஒற்றுமை குலையும் என்று அஞ்சும் தோழர்களின் கவலை எனக்குப் புரிகிறது. சொல்லாவிட்டால் சிறு வள்ளத்தான் நம்மை நம்பித் தன் கணிச்சத்தைக் காட்டமாட்டான்.

என்ன வழி? கடல் உரிமைச் சட்டத்தின் வரைவில் ஒவ்வொரு பாரையும் புள்ளிவைத்துக் காட்டத் தேவையில்லை. ஒரு கரையின் மீனவர்கள் கூட்டாக ஒரு பரந்த கடற்பகுதியைத் தங்கள் வழக்காற்றுப் பரப்பாகக் கோரலாம். அதற்குள் எங்கே எந்தப் பார் என்பது அவர்களிடமே இருக்கட்டும். அந்தப் பரப்பில் சுரங்கமோ எண்ணெய்க் கிணறோ வர வேண்டுமானால் கடற்கரைச் சபையின் ஒப்புதல் தேவை. சபையில் வள்ளம் உள்ளவன் மட்டுமின்றி, கூலிக்குப் போகிறவனும், மீனைக் கூடையில் சுமந்து விற்கும் பெண்ணும் வாக்களிக்க வேண்டும். கேரளம் 2021இல் மீன் ஏலத்துக்கே ஒரு சட்டம் கொண்டுவந்து, கரையில் தரகர்கள் எடுக்கும் கழிவுக்கு 5 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது. அது நடைமுறைக்கு வருவதற்கு இன்னும் போராட வேண்டியிருக்கிறது என்றாலும், கடற்கரையின் வழக்கங்களுக்குள் சட்டம் நுழைய முடியும் என்பதை அது காட்டியது. குஜராத்தின் மீனவர்களும் நிக்கோபாரின் பழங்குடி மக்களும் கொல்லம் அளவுக்கு அமைப்பாகத் திரண்டவர்கள் அல்லர். அவர்களுக்கு எதிரே உள்ள 10 தொகுதிகளைப் பற்றி நம் ஏடுகளே அதிகம் எழுதவில்லை. ஆகவே இது ஒரு மாநிலத்தின் தீர்மானத்தோடு நிற்கக்கூடிய வேலை அல்ல; நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாகவேனும் வைக்கப்பட வேண்டும்.

நண்பகல் தாண்டித் திரும்பினோம். பதினோரு செம்பல்லி, மூன்று களவா, கொஞ்சம் சில்லறை மீன். கரையில் ஏலம் சில நிமிடங்களில் முடிந்தது. எரிபொருளுக்கும் இரைக்கும் பனிக்கட்டிக்கும் கழித்து, வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் பங்கு ஒதுக்கி, மீதியை நான்காகப் பிரித்தார்கள். சுமாரான நாள் என்றார்கள். ஆறு கிலோ மீன் ஓர் ஏற்றுமதி வியாபாரியின் பெட்டிக்குப் போனது. எனக்கு ஒரு சிறு செம்பல்லியைப் பனையோலையில் சுற்றிக் கொடுத்து, குடம்புளி போட்டு வைக்கச் சொன்னார்கள். காசு கொடுக்கப் போனபோது, அண்ணன் வாங்கவில்லை. நான் மொழிபெயர்த்த அந்த ஆவணத்தில் தங்கள் பார் மூன்று தொகுதிகளுக்குள் வருகிறதா, வெளியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். அவர் பையிலிருந்த கருவியில் எண் இருந்தது. என் மடிக்கணினியில் மூலைகளின் எண்கள் இருந்தன. துறைமுகத்துச் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் பார்க்காதபடி திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு, இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தோம்.